கை போட்ட ஆடுகள்

உடையடி
விரோதிகிருது வருஷம், ஐப்பசி 10

என் தங்கை பிரம்மநாயகிக்கு அக்கா சுடலைவடிவு எழுதுவது.

நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று போன கடிதத்தில் கேட்டதற்கே பதில் வரவில்லை. பாளையங்கோட்டையில் வாத்திச்சி வேலை பார்க்கிறவளுக்கு அக்காவுக்கு நாலு வரி எழுத நேரம் இருக்காதுதான். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எனக்கு நேரம் இருக்கிறது.

மாரித்தாயை அழைத்து வந்துவிட்டோம். ஏழாம் மாதம் பிறந்ததும் சோறு ஆக்கிக் கொண்டுபோய்ப் போட்டு, அவள் மாமியார் முகம் சுளிப்பதற்குள் மகளை வண்டியில் ஏற்றிவிட்டேன். தை கடைசியில் பேறு என்று கணக்கு. முதல் பேறு, பெண்ணோ சிறு உடம்புக்காரி. எனக்கு உள்ளூரப் பயம் உண்டு. அவளுக்குத் துளியும் இல்லை. "எம்மா, ஒன் கை இருக்கும்போ எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து புளியங்காய் தின்கிறாள்.

என் கை உனக்குத் தெரியும். மற்றதெல்லாம் வளர்ந்தது, கை மட்டும் பத்து வயதிலேயே நின்றுவிட்டது. குட்டி சிக்கிக்கொண்ட ஆட்டுக்கெல்லாம் இந்த ஊரில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளை சிக்கிய பெண்ணுக்கும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன்.

நம் செம்போரை ஆடு செத்துப்போயிற்று. இரண்டு நாளாக முக்கியது. கை போட்டுப் பார்த்தால் முதல் குட்டி தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளேயே செத்துக் கிடந்தது. இழுக்கும்போது மயிர் கையோடு வந்தது, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அதன் பின்னால் இருந்த குட்டி உயிரோடு வந்தது. ஆனால் மூன்றாம் நாள் ஆடு தீனி எடுக்கவில்லை. முதுகை வளைத்து நின்று பல்லைக் கடித்தது. வயிறு மேளம் மாதிரி இறுகி, தொட்டால் முனகியது. ஐந்தாம் நாள் போயிற்று. அதே வாரத்தில் மொட்டை ஆடு உடைமரம் அடர்ந்த உடங்காட்டில் தானாகவே இரண்டு குட்டி போட்டு, நக்கிக் காயவைத்து, சாயங்காலம் குட்டிகளோடு வீட்டுக்கு நடந்து வந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

லீவு விட்டால் வா. அத்தான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

வடிவு

•

பாளையங்கோட்டை
1911 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதாதது என் தப்பு. எழுத உட்காருவேன். எழுதினால் நீ என்ன நினைப்பாயோ என்று யோசிப்பேன், அதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேசுவதற்குப் பழகிவிட்டேன். பெரியவர்களிடம் பேச இன்னும் வரவில்லை.

மாரிக்கு ஏழு மாதம் என்று படித்ததும் நம்ப முடியவில்லை. என் சடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். அவளுக்கு ரவிக்கைத் துணி அனுப்பியிருக்கிறேன். இங்கே ஒரு வாரமாக மழை. ஆற்றில் செந்தண்ணீர் வந்து படித்துறையின் கடைசி நாலு படி தெரியவில்லை.

நீ ஆட்டைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். செம்போரை செத்தது, மொட்டை பிழைத்தது. இரண்டும் ஒரே கிடை, ஒரே தீனி. இது என் மனதில் தங்கிவிட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கோபப்படாமல் எனக்கு ஒன்று எழுது. இந்தப் பருவத்தில் ஈன்ற ஆடுகள் எத்தனை? அவற்றில் எவை தானாக ஈன்றன, எவற்றுக்குக் கை போட வேண்டி வந்தது? செத்தவை எவை? நம் ஆடு மட்டும் இல்லை, ஊரார் ஆடும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மாட்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருக்கிற டாக்டரிடம் கேட்கலாம் என்று இரண்டு நாள் வாசல்வரை போனேன். உள்ளே முழுக்க வண்டிக்காரர்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நாயகி

•

உடையடி
ஐப்பசி 28

நாயகிக்கு,

துணி வந்தது. மாரி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இப்போது தைக்க வேண்டாம், வயிறு இறங்கட்டும் என்றேன்.

ஆட்டுக் கணக்குக் கேட்டாய். செம்போரைக்குப் பிறகு இன்னும் இரண்டு போயிற்று. காது அறுந்த ஆட்டுக்குக் குட்டியின் முன்னங்கால் மடிந்து கிடந்தது, நான்தான் நீட்டி எடுத்தேன். இரண்டு குட்டியும் உயிரோடு இருக்கின்றன, தாய் நாலாம் நாள் போயிற்று. கிழக்கே நீலாம்பாள் வீட்டு ஆட்டுக்குக் குட்டி பெரிதாக இருந்து நெருக்கியது, அதற்கும் நான் போனேன். அது மூன்றே நாள். நீலாம்பாள் என் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள், வடிவு கையில் ராசி போய்விட்டது என்று. தானாக ஈன்றவை நாலு, நாலும் சுகமாக மேய்கின்றன. ஒருத்தரும் கவனிக்காதது பிழைக்கிறது, பக்கத்திலேயே இருந்து பார்த்தது சாகிறது. பேச்சியம்மனுக்கு எங்கள்மேல் என்னவோ குறை.

தோல் வாங்க வரும் தாஜ் முகம்மது பாய் காது அறுந்த ஆட்டை உரித்தார். வயிற்றைக் கீறினவர் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். "அண்ணாச்சி, இந்தக் கறியை யாருக்கும் குடுத்துராதீய. உள்ள பூரா புளிச்ச கஞ்சியா நிக்கி. குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு" என்று அத்தானிடம் சொன்னார். அவர் தோலும் எடுக்காமல் போய்விட்டார். உடங்காட்டு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம்.

மாரி அன்றைக்கு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகச் சொல்லியும் போகவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை.

நீ டாக்டர் வாசலில் நின்று திரும்பினாயாம். உனக்கு எட்டு வயதில் நம் ஆத்தாளும் ஐயாவும் ஒரே வாரத்தில் பேதியில் போனபோது உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளிக்கூட விடுதியில் விட்டது நான். அன்றைக்கும் இப்படித்தான் வாசலில் நின்றாய்.

வடிவு

•

பாளையங்கோட்டை
1911 நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டேன். உன் கடைசி வரியைப் படித்த மறுநாளே போனேன்.

வேப்பமரத்தடியில் கழுத்துப் புண்ணோடு ஏழெட்டுக் காளைகள். பெண் என்று நான் ஒருத்திதான். சேவகன் வந்து, "பசு எங்கம்மா?" என்றான். பசு இல்லை, ஒரு கேள்விதான் இருக்கிறது என்றேன். அவன் சிரித்துவிட்டு என்னைக் கடைசியில் நிறுத்தினான். டாக்டர் பெயர் குற்றாலலிங்கம் பிள்ளை. உன் கடிதத்தில் இருந்ததை நான் சொல்லச் சொல்ல, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தாஜ் முகம்மது பாய் சொன்னதைச் சொன்னதும் துடைப்பதை நிறுத்தினார்.

"யம்மா, எல்லாத்துக்கும் கை போட்டது ஒரே ஆளா?"

ஒரு சொந்தக்காரி என்றேன். என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவுக ஆட்டுக்குள்ள கை விடுததுக்கு முன்னால கை எங்க இருந்துதுன்னு கேளு. அழுகின குட்டியை எடுத்த கை அடுத்த ஆட்டுக்குள்ள போனா, அந்த அழுகலையும் சேத்துத்தான் கொண்டு போகுது. கருப்பையில ஆரம்பிக்கும், வயித்துக்குள்ள எறங்கும். எறங்கிட்டா மருந்து கிடையாது."

அவர் எல்லாருடைய கையையும் பற்றித்தான் பொதுவாகச் சொன்னார், அக்கா. நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. யார் கை போட்டாலும் செய்ய வேண்டியது இது: வளையலைக் கழற்ற வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணில் தேங்காய் நார் விட்டுத் தேய்க்க வேண்டும். கார்பாலிக் சோப்பு இரண்டு கட்டி இத்துடன் அனுப்புகிறேன். நெடி அடிக்கும், பரவாயில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். போன வருஷம் உங்கள் தெருவில் சொர்ணாம்பாள் பிள்ளை பெற்று ஏழாம் நாள் ஜன்னியில் செத்தாள் என்று எழுதியிருந்தாய். அவள் வயிறு எப்படி இருந்தது?

நாயகி

•

உடையடி
கார்த்திகை 16

படித்த தங்கைக்கு,

சோப்பு வந்தது. கடிதமும் வந்தது. பொதுவாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். பொதுவாகச் சொன்னதற்குச் சொர்ணாம்பாள் எதற்கு? நேராகக் கேள். என் கையில் விஷம் இருக்கிறதா என்று கேள்.

சொர்ணத்துக்குப் பிள்ளை குண்டி காட்டி வந்தது. அவள் புருஷன் வாசலில் விழுந்து கும்பிட்டான். நான் போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள். பிள்ளை இன்றைக்கும் தெருவில் ஓடுகிறது. முந்தின நாள் ஒரு ஆட்டுக்குச் செத்த குட்டி எடுத்திருந்தேன், அதற்காகக் குளித்து, துணி மாற்றி, பேச்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வீட்டுப் படி ஏறினேன். வயிறு எப்படி இருந்தது என்று கேட்கிறாய். ஏழு நாளும் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். எனக்குத் தெரியும் எப்படி இருந்தது. உனக்கு எழுத மாட்டேன்.

ஆனாலும் உன் பேச்சைக் கேட்டேன். கரும்போரை ஆட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை நோவு எடுத்தது. குட்டி குறுக்கே கிடந்தது. நீ எழுதிய தாளை மாரி கையில் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். வளையலைக் கழற்றினேன். நகத்தை ரத்தம் வரும்வரை வெட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். சோப்பை முழங்கைவரை போட்டு நாரால் தேய்த்தேன், தோல் எரிந்தது. பிறகு வழக்கம்போலப் பேற்றுச் சட்டியில் கையை முக்கி, பேச்சியம்மா என்று சொல்லி உள்ளே விட்டேன். குட்டியைத் திருப்பி எடுக்க நேரம் ஆயிற்று, நாலைந்து தடவை எண்ணெய் தொட்டுத் தொட்டு விட வேண்டி வந்தது. மாரி கூடவே நின்றாள். இரண்டாம் நாளே கரும்போரைக்கு வயிறு இறுகிவிட்டது. மற்றவை ஐந்து நாள் இருந்தன, நாலு நாள் இருந்தன. உன் சோப்புப் போட்டது மூன்று நாள்கூட இருக்கவில்லை.

இப்போது என்ன சொல்கிறாய்? என் மாமியார் அந்தச் சட்டியை வைத்து நாற்பது வருஷம் பேறு பார்த்தவள். அவள் ஆத்தாள் கொடுத்த சட்டி. ஒரு நாளும் அதை வற்றவிட்டது இல்லை, ஒரு நாளும் கழுவியது இல்லை. குறையக் குறைய மேலே விளக்கெண்ணெய் விட்டு வருகிறோம். ராசி அந்த எண்ணெயில் இருக்கிறது. சாகும்போது என் கையில் கொடுத்து, பேச்சி பீடத்துக்கு முன்னால் வை, கழுவிவிடாதே என்று சொல்லிவிட்டுச் செத்தாள். அவள் பார்த்த பேறுகள் எல்லாம் தப்பா?

இனி ஆட்டைப் பற்றி எனக்கு எழுதாதே.

சுடலைவடிவு

•

பாளையங்கோட்டை
1911 டிசம்பர் 7

அக்கா,

சட்டி.

நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ கோபத்தில் எழுதிய கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. செம்போரையின் அழுகிய குட்டியை எடுத்தபோதும் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத்தானே விட்டாய்? அந்தக் கையிலிருந்தது சட்டிக்குள் போயிற்று. சட்டியிலிருந்து காது அறுந்த ஆட்டுக்கு. அங்கிருந்து திரும்பச் சட்டிக்கு. நீலாம்பாள் வீட்டு ஆட்டுக்கு. நீ கையைத் தோல் எரியக் கழுவிவிட்டு, கழுவிய கையை அதற்குள்ளேயே முக்கியிருக்கிறாய். ஒவ்வொரு ஆட்டின் அழுகலும் மேலே மேலே சேர்ந்து அதில் இருக்கிறது.

உன் கடிதத்தின் அந்தப் பகுதியைக் குற்றாலலிங்கம் பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை என் அக்கா என்று சொல்லித்தான் வாசித்தேன். அவர் கடிதத்தை வாங்கி அந்தப் பகுதியைத் தானே ஒரு தடவை வாசித்தார். பிறகு, "வீட்டுல பேறுகாலத்துப் பிள்ளை யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

நான் இதுவரை சுற்றிச் சுற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. இப்போது நேராக எழுதுகிறேன். அந்த ஆடுகளுக்குள் சாவைக் கொண்டுபோனது உன் கைதான். சொர்ணத்துக்குள்ளும் அதுதான் போயிருக்க வேண்டும். நீ தெரிந்து செய்யவில்லை. நீ போகாமல் இருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்காது. ஆனால் மாரிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

என்னோடு விடுதியில் படித்த பியூலா உங்கள் ஊரிலிருந்து பத்து மைலில் இருக்கிற ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கும் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்கு எழுதியிருக்கிறேன். தை பன்னிரண்டாம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்து பேறு முடியும்வரை இருப்பாள். அதுவரை ஒன்றே ஒன்று. எந்த நிலை வந்தாலும், மாரியே கெஞ்சினாலும், உன் கையை அவளுக்குள் போடாதே. எனக்கு வாக்குக் கொடு. நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

நாயகி

•

பாளையங்கோட்டை
1912 ஜனவரி 8

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் எழுதியதற்கும் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை என்றால் அவர் என் பக்கம் பார்க்காமலே போவார்.

பியூலா வருவது உறுதி. தனியாகச் சட்டி பானை எல்லாம் கொண்டு வருவாள், உனக்குச் சிரமம் இல்லை. நீ என்னோடு பேச வேண்டாம். மாரி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதச் சொல். கால் வீங்கியிருக்கிறதா? தலைவலி உண்டா?

உன் வாக்கும் வரவில்லை. அந்த ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாயகி

•

உடையடி
தை 9

நாயகிக்கு,

மாரி உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வாக்குக் கேட்ட உன் கடிதம் வந்த அன்றைக்கு அதை அடுப்பில் போடத்தான் போனேன். அத்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார். நான் பத்து நாள் அவரோடும் பேசவில்லை. பிறகு நீலாம்பாள் வீட்டில் இன்னொரு ஆட்டுக்குக் குட்டி சிக்கிற்று. அவள் என்னைக் கூப்பிடவில்லை, அத்தானைக் கூப்பிட்டாள். அவர் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், மண்வெட்டிக் கை. "ஏட்டி வடிவு, ஒந்தங்கச்சி எழுதினபடி செஞ்சு பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கடையிலிருந்து புதிதாக வாங்கிய எண்ணெயைப் புது மண்கலயத்தில் ஊற்றித் தொட்டுக்கொண்டு கை போட்டார். ஆடு அலறிற்று. கிழிந்தும் போயிற்று. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து நாளும் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் அது உடங்காய் பொறுக்கப் போனது.

அன்றைக்குச் சட்டியை எடுத்துப் போய் ஆடுகளைப் புதைத்த இடத்திலேயே ஆழமாகப் புதைத்தேன். பேச்சி பீடத்துக்கு முன்னால் எண்ணெய் வட்டம் இன்னும் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. திரும்பி வரும்போது சொர்ணத்தின் பிள்ளை தெருவில் நின்றது. அது சிரித்துக்கொண்டு என் முந்தானையைப் பிடித்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே சொர்ணம் என்று வந்தது. அதனால்தான் எழுதவில்லை. ஆனால் நீ கேட்ட வாக்கை எனக்குள் கொடுத்துவிட்டேன்.

மாரிக்குத் தை ஐந்தாம் தேதியே நோவு எடுத்தது. பியூலா வர ஏழு நாள் இருந்தது. விடியக்காலையில் பன்னீர்க்குடம் உடைந்தது. அத்தான் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் செம்மண் தேரி, மணல் மேட்டில் மாடு காலை எடுத்து வைக்கவே நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும்.

வெயில் ஏறும்போது பிள்ளையின் கை வெளியே வந்தது. ஒரு கை மட்டும். தொட்டுப் பார்த்தேன், என் விரலைப் பிடித்தது.

அது எனக்குத் தெரிந்த கிடப்பு. ஆட்டுக்கு நூறு தடவை செய்திருக்கிறேன். அந்தக் கையை உள்ளே தள்ளி, தோளைத் திருப்பி, காலைத் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும். என் கை அளவுக்கு அது சின்ன வேலை. தண்ணீர் கொதித்து ஆறியிருந்தது. சோப்பு இருந்தது. புதுக் கலயத்தில் புது எண்ணெய் இருந்தது. மூன்று தடவை முழங்கைவரை கழுவினேன். மாரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எம்மா, போடு" என்றாள். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். அத்தான் கை வேறு, என் கை வேறு, நாயகி. இருபது வருஷம் அந்த எண்ணெயில் ஊறின கை. சட்டியைப் புதைத்தேன், கையை எங்கே புதைப்பது? நாரால் தேய்த்தால் தோலுக்கு மேலே இருப்பது போகும், உள்ளே ஊறினது போகுமா? சொர்ணத்தின் வயிறு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நீ கேட்டாயே, இப்போது எழுதுகிறேன். செம்போரை வயிறு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மாரி கெஞ்சினாள். பிறகு ஏசினாள். பிறகு சத்தமே போடவில்லை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அம்மா என்று சொல்லாமல் வடிவு என்று. உச்சிப்பொழுதுக்கு அந்தச் சின்னக் கை நீலமாயிற்று. நான் அதைத் துணியால் மூடினேன்.

பொழுது இறங்கும்போது வண்டி வந்தது. பியூலா நல்ல பெண். வந்த உடனே கையைக் கழுவி, நான் ஊற்றி வைத்த எண்ணெயையே தொட்டுக்கொண்டு, பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். ஆண் பிள்ளை. செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தவள் என் கையைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து கிடந்தது. உங்களுக்கு இது தெரியும் என்று ஊரில் சொல்கிறார்களே என்றாள். தெரியும் என்றேன். "பெறகு ஏன் நீங்களே திருப்பலை? இப்படிக் கழுவின கை எங்க ஆஸ்பத்திரியில கூடப் பாத்ததில்லையே" என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அத்தான் வாக்குக் கேட்ட உன் கடிதத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்றைக்கு நாலாம் நாள். காய்ச்சல் இல்லை, வயிறு இளகி இருக்கிறது, பயம் இல்லை என்று பியூலா சொல்கிறாள். நான் இன்னும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். மாரி என்னைத் தொடவிடுவதில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு நான் தள்ளிப் போனபிறகுதான் எடுக்கிறாள்.

நேற்று உன் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். தானே வாசித்தாள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே பள்ளிக்கூடம், ஆனால் அவள் என்னைவிட வேகமாக வாசிப்பாள். முடித்துவிட்டு நாலு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தியை வரச் சொல்லு. இதை இங்கன வந்து, என் மூஞ்சியைப் பாத்து வாசிக்கட்டும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வடிவு

•

பாளையங்கோட்டை
1912 ஜனவரி 25

அக்கா,

கடிதம் இன்று காலை வந்தது. லீவு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டி பேசியாயிற்று. நாளை விடியுமுன் புறப்பட்டுச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன்.

வருவதற்கு முன்னால் உனக்கு ஒன்று எழுத வேண்டும், இன்றைக்கே அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராமல் போய்விடும், என் புத்தி உனக்குத் தெரியும்.

டிசம்பரில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, பேறுகாலத்துப் பிள்ளை இருக்கிறாளா என்று டாக்டர் கேட்டதை உனக்கு எழுதினேன். அதற்கு அடுத்தாற்போல அவர் சொன்னதை எழுதவில்லை. "அந்தச் சட்டியைத் தூரப் போட்டுட்டு, கழுவின கையும் புது எண்ணெயுமா இருந்தாங்கன்னா ஒங்க அக்கா கை நல்ல கைதாம்மா. அவ்வளவு சின்னக் கை ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்" என்றார்.

அதை எழுதினால் நீ கையைக் கழுவிவிட்டு, சட்டியையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ சட்டியை விட மாட்டாய் என்று நினைத்தேன். உன்னை அவ்வளவுதான் எடைபோட்டேன். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு, எந்த நிலையிலும் கையைப் போடாதே என்று மட்டும் எழுதினேன். அது டாக்டர் சொன்னது இல்லை. நான் எழுதியது.

இதை மாரியிடம் முன்கூட்டிச் சொல்லாதே. பியூலாவிடமும் சொல்லாதே. கடிதத்தை அவள் கேட்டபடி வாசித்து முடித்ததும், அதில் இல்லாத அந்த வரியையும் நானே அவளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாயகி